ஃபெர்ம்வேர் ஏற்றியபின் ஊமையான மைக்ரோபிட்எக்ஸ்: முதலில் இரண்டு எண்களைப் படித்து எடுங்கள்

கேள்வி இதுதான். பழையதாக வாங்கிய மைக்ரோபிட்எக்ஸ் வி5 கிட் (அமெச்சூர் ரேடியோ டிரான்ஸீவர்), இரண்டு வரி டிஸ்ப்ளே கொண்டது. வாங்கியபோது 40 மீட்டரில் நன்றாகக் கேட்டது. புதிய ஃபெர்ம்வேர் ஏற்றப் போனால் 'நாட் இன் சிங்க்' என்ற பிழை பத்து முறை வந்து நின்றது. நண்பரின் லேப்டாப்பில் எப்படியோ ஏறிவிட்டது. இப்போது டிஸ்ப்ளே வருகிறது, குமிழைத் திருப்பினால் எண்ணும் மாறுகிறது, ஆனால் ஸ்பீக்கரில் இலேசான இரைச்சலைத் தவிர ஒன்றும் இல்லை. போர்டு போய்விட்டதா? நிரலை ஏற்றித்தரும் பூட்லோடரை எரித்து, அதாவது சிப்பில் மறுபடி எழுதி, முதலிலிருந்து தொடங்கலாமா?

போர்டு போயிருக்காது, ஓஎம் (நண்பரே). ஆனால் பூட்லோடரை மட்டும் இப்போது எரிக்காதீர்கள். உங்கள் ரிக்கின் (ரேடியோவின்) பழைய கேலிபிரேஷன் எண்கள் பெரும்பாலும் இன்னும் உள்ளேதான் இருக்கின்றன. பூட்லோடர் எரித்தால் அவை போய்விடும்.

ஏன் என்று சொல்கிறேன். ரிக்கின் கட்டுப்பாட்டுப் பலகையான ராடுயினோவில் இருக்கும் அர்டுயினோ நானோவின் மூளை ஏடிமெகா328பி சிப். அதற்குள் இரண்டு தனித்தனி நினைவகங்கள் உண்டு. 32 கிலோபைட் ஃபிளாஷில் நிரல் உட்காருகிறது. 1 கிலோபைட் ஈஈபிராமில் அந்த ஒரு ரேடியோவுக்கு மட்டுமே உரிய எண்கள் உட்காருகின்றன. யூஎஸ்பி வழியாக, பூட்லோடரின் உதவியோடு புதிய நிரல் ஏற்றும்போது ஃபிளாஷ் மட்டுமே மாறும், ஈஈபிராம் அப்படியே இருக்கும். ஆனால் அர்டுயினோவின் நிரல் எழுதும் மென்பொருளான ஐடிஇயில் 'பர்ன் பூட்லோடர்' கொடுத்தால் சிப் முழுவதும் அழிக்கப்படும். ஈஈபிராமைக் காக்கும் ஃபியூஸ் பிட் ஒன்று இருந்தாலும், நானோவில் வழக்கமாக அது போடப்பட்டிருக்காது. நான் ஒருமுறை இதை யோசிக்காமல் எரித்துவிட்டு, ஒரு மாலை முழுவதும் உட்கார்ந்து கேலிபிரேஷனை மறுபடி தேடினேன். அன்றிலிருந்து ஒவ்வொரு ரிக்கின் எண்களையும் ஒரு துண்டுத்தாளில் எழுதி மூடியின் உள்பக்கம் ஒட்டிவைக்கிறேன்.

ஆகவே முதல் வேலை படித்தெடுப்பது. மூல ஃபெர்ம்வேரில் ஈஈபிராமின் 0ஆம் முகவரியில் மாஸ்டர் கேலிபிரேஷனும் (பிரீக்வென்சிப் பிழையைத் திருத்தும் எண்), 8ஆம் முகவரியில் பிஎஃப்ஓ எண்ணும் (குரலை மீட்டெடுக்கும் ஆசிலேட்டரின் பிரீக்வென்சி) நான்கு நான்கு பைட்டாகச் சேமிக்கப்பட்டிருக்கும். இந்த இரண்டு முகவரிகளையும் 'லாங்' எண்ணாகப் படித்து சீரியல் மானிட்டரில் அச்சிடும் ஒரு சின்ன ஸ்கெட்சை (அர்டுயினோ நிரலை) எழுதி ஏற்றுங்கள். பத்து வரிகூட ஆகாது. அது ரேடியோவின் நிரலை அழிக்கும், பரவாயில்லை, எப்படியும் மாற்றத்தான் போகிறோம். இரண்டாவது எண் 11048000க்கும் 11060000க்கும் நடுவில் இருந்தால் நல்ல செய்தி, உங்கள் வி5இன் எண்கள் உயிரோடு இருக்கின்றன. இரண்டும் -1 என்று வந்தால் ஈஈபிராம் காலி, யாரோ ஏற்கெனவே அழித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அதற்கும் வழி உண்டு, பின்னால் வருகிறேன். பழைய சொந்தக்காரர் சிஇசி என்ற மாற்று ஃபெர்ம்வேர் போட்டிருந்து, அது இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் ஸ்கெட்ச் எழுதவே வேண்டாம். அதற்கென்றே இருக்கும் யூபிட்எக்ஸ் மேனேஜர் என்ற விண்டோஸ் மென்பொருள் எல்லா அமைப்புகளையும் படித்துக் கோப்பாகச் சேமித்துத் தரும்.

சரி, 'நாட் இன் சிங்க்' விஷயத்துக்கு வருவோம். இதை முடிக்காமல் அந்த ஸ்கெட்சையும் ஏற்ற முடியாது. இந்தப் பிழைக்குப் பொருள், கணினி கூப்பிட்டது, நானோ பதில் சொல்லவில்லை என்பதுதான். நான் பார்த்தவற்றில் பெரும்பான்மை பூட்லோடர் வகைக் குழப்பம். நானோவில் பழைய பூட்லோடர் 57600 வேகத்தில் பேசும், புதியது 115200இல் பேசும். ஐடிஇயில் டூல்ஸ் மெனுவுக்குள் பிராசசர் என்ற இடத்தில் 'ஏடிமெகா328பி' என்றும், அதற்குக் கீழே 'ஓல்ட் பூட்லோடர்' என்று சேர்த்தும் இரண்டு வரிகள் இருக்கும். ஒன்றில் ஏறாவிட்டால் மற்றதைத் தேர்ந்து பாருங்கள். கிட்டுகளில் வந்த நானோக்கள் பெரும்பாலும் பழைய வகை. நண்பரின் லேப்டாப்பில் ஏறியதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம், அவர் ஐடிஇயில் அந்த வரி ஏற்கெனவே தேர்வாகியிருந்திருக்கும்.

அது இல்லையென்றால் கேபிள். மொபைல் சார்ஜருடன் வரும் கேபிள்களில் சிலவற்றில் டேட்டா கம்பியே இருக்காது. நானோவில் விளக்கு எரியும், கணினியில் போர்ட் தோன்றாது. அப்புறம் டிரைவர். விலை குறைந்த நானோக்களில் இருக்கும் யூஎஸ்பி சிப் சிஎச்340, விண்டோஸில் சில சமயம் அதற்கான டிரைவரைத் தனியே போட வேண்டியிருக்கும். லினக்ஸில் டிரைவர் கர்னலிலேயே இருக்கிறது, ஆனால் உங்கள் பயனர் கணக்கு 'டயல்அவுட்' குழுவில் இருக்க வேண்டும். உபுண்டு 22.04 வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு தொல்லை உண்டு. பார்வையற்றோருக்கான பிரெய்ல் கருவிகளைக் கவனிக்கும் 'பிஆர்எல்டிடிஒய்' என்ற சேவை, 1ஏ86:7523 என்ற அடையாள எண்ணைப் பார்த்ததும் சிஎச்340ஐத் தன்னுடைய கருவி என்று நினைத்துப் பிடித்துக்கொள்கிறது. போர்ட் ஒரு நொடி தோன்றி மறையும். அந்தச் சேவை உங்களுக்குத் தேவையில்லை என்றால் நீக்கிவிட்டால் போதும். டிஜிட்டல் மோட் மென்பொருள் ஏதாவது பின்னால் திறந்திருந்து போர்ட்டைப் பிடித்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

கேபிளும் யூஎஸ்பி சிப்பும் நலமா என்று சந்தேகமில்லாமல் தெரிந்துகொள்ள ஒரு சோதனை உண்டு. நானோவை ராடுயினோவிலிருந்து கழற்றுங்கள். ரீசெட் பின்னை கிரவுண்டோடு ஒரு கம்பியால் இணையுங்கள், அப்போது மூளை தூங்கிவிடும். டிஎக்ஸ் பின்னையும் ஆர்எக்ஸ் பின்னையும் இன்னொரு கம்பியால் இணையுங்கள். சீரியல் மானிட்டரைத் திறந்து நாலு எழுத்து அடித்து அனுப்புங்கள். அடித்தது அப்படியே திரும்பி வந்தால் கேபிள், டிரைவர், யூஎஸ்பி சிப் மூன்றும் நலம். பிறகு கோளாறு ஏடிமெகா பக்கம் மட்டும்தான். திரும்பி வராவிட்டால் ஏடிமெகாவைக் குறை சொல்லி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

நிரல் ஏற்றும்போது ராடுயினோவை மெயின் போர்டிலிருந்து கழற்றி வைத்துக்கொள்வது என் பழக்கம். யூஎஸ்பியின் 5 வோல்ட்டும் ரிக்கின் 12 வோல்ட்டிலிருந்து வரும் 5 வோல்ட்டும் ஒன்றோடொன்று மோதாது, தவறுதலாக டிரான்ஸ்மிட்டும் ஆகாது. திருப்பிச் செருகும்போது கவனம் வேண்டும். பின் வரிசை ஒன்று தள்ளிச் செருகப்பட்டிருந்தால், பார்க்கச் சரியாக இருக்கும், ஆனால் 12 வோல்ட் போகக்கூடாத இடத்துக்குப் போகும். பக்கவாட்டில் குனிந்து, இரண்டு ஓரத்திலும் பின் எதுவும் வெளியே நீட்டவில்லை என்று பார்த்துவிட்டுத்தான் பவர் கொடுக்க வேண்டும்.

இனி முக்கியமான விஷயம், ஊமையான ரிசீவர். என் சந்தேகம், நீங்கள் ஏற்றியது வி4 போர்டுக்கான ஃபெர்ம்வேர். இது புரிய ரிக்கின் உள்ளே கொஞ்சம் பார்க்க வேண்டும். ஹைதராபாத்தைச் சேர்ந்த அஷ்ஹர் ஃபர்ஹான், வியு2இஎஸ்இ, 2017 கடைசியில் வெளியிட்ட வடிவமைப்பு இது. ஆன்டெனாவிலிருந்து வரும் சிக்னல் முதலில் 45 மெகாஹெர்ட்ஸுக்கு ஏறுகிறது, அங்கே ஒரு ஃபில்ட்டர். பிறகு கீழே இறங்கி, எட்டுக் கிரிஸ்டல்கள் வரிசையாக நிற்கும் குரல் ஃபில்ட்டரைக் கடக்கிறது. வி3, வி4 போர்டுகளில் இந்தக் கிரிஸ்டல்கள் 12 மெகாஹெர்ட்ஸ். வி5இல் அதை 11.059 மெகாஹெர்ட்ஸாக மாற்றினார்கள். மூன்று ஆசிலேட்டர்களையும் ஒரே எஸ்ஐ5351 சிப் தருகிறது, எந்த ஆசிலேட்டர் எத்தனை என்று அதற்குச் சொல்வது ஃபெர்ம்வேர்.

வி4 நிரல் என்ன செய்யும் என்றால், ஈஈபிராமில் இருக்கும் பிஎஃப்ஓ எண் 11.990க்கும் 12.010க்கும் நடுவில் இல்லையென்றால் அதைத் தவறான எண் என்று தள்ளிவிட்டு, தானாக 12 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய ஒரு எண்ணை வைத்துக்கொள்ளும். உங்கள் போர்டின் ஃபில்ட்டரோ அதிலிருந்து 900 கிலோஹெர்ட்ஸுக்கும் மேல் தள்ளி இருக்கிறது. சிக்னல் உள்ளே வரவே வழியில்லை. டிஸ்ப்ளே, குமிழ், மெனு எல்லாம் சரியாக வேலை செய்யும், ஏனென்றால் அவற்றுக்கு இதைப் பற்றித் தெரியாது. நீங்கள் சொன்ன அறிகுறி அப்படியே இதுதான்.

போர்டு உண்மையிலேயே வி5தானா என்றும் கண்ணால் பார்த்து உறுதி செய்யுங்கள். பழைய சொந்தக்காரர் சொன்னதை மட்டும் நம்ப வேண்டாம். மெயின் போர்டில் வரிசையாக நிற்கும் வெள்ளிநிறக் கிரிஸ்டல் டப்பாக்களின் தலையில் எழுதியிருப்பதை லென்ஸ் வைத்துப் படியுங்கள். 12 என்று இருந்தால் வி4 அல்லது அதற்கு முந்தையது, 11.059 என்று தொடங்கினால் வி5 அல்லது வி6. 12 என்று இருந்து, ஆடியோ பகுதியில் டிடிஏ2822 என்ற எட்டுக்கால் ஐசி இருந்தால் அது வி3. வி4இல் அந்த இடத்தில் தனித்தனி டிரான்சிஸ்டர்கள்தான். வி6 என்றால் தொடுதிரை வந்திருக்கும். வி6க்கான நிரலை இரண்டு வரி டிஸ்ப்ளேக்கு ஏற்றினால் மேல் வரியில் கறுப்புக் கட்டங்கள் மட்டும் தெரியும், வி5 நிரலைத் தொடுதிரைக்கு ஏற்றினால் திரை வெள்ளையாகவே நிற்கும். இரண்டிலும் திரை கெட்டுவிட்டது என்று நினைத்து புதிது வாங்கியவர்கள் உண்டு. சிஇசி ஃபெர்ம்வேரை நீங்களே கம்பைல் செய்தால், யூபிட்எக்ஸ் என்ற ஹெடர் கோப்பில் போர்டு பதிப்பு எண்ணும் டிஸ்ப்ளே வகையும் இரண்டு வரிகளில் இருக்கும். அந்த இரண்டையும் சரிபார்க்காமல் அப்லோட் பட்டனை அழுத்தாதீர்கள்.

கம்பைல் செய்யும்போது 'அளவு மீறிவிட்டது' என்று வந்தால் பயப்பட வேண்டாம். நானோவுக்கு ஐடிஇ ஒதுக்கும் இடம் 30720 பைட். அதற்குள் அடங்கத் தேவையில்லாத வசதிகளை நீக்கிவிடுங்கள். எல்லா நிரல் கோப்புகளும் ஒரே ஃபோல்டரில், ஃபோல்டரின் பெயரும் முதன்மை ஸ்கெட்சின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள்.

சரியான வி5 நிரலை ஏற்றியபின்னும் கேட்கவில்லை என்றால், எஸ்ஐ5351 உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆசிலாஸ்கோப் வேண்டியதில்லை. கணினியில் செருகும் சின்ன ரிசீவரான ஆர்டிஎல் எஸ்டிஆர் டாங்கிள் ஒன்று இருந்தால் போதும். ரிக்கை 7.100இல் வையுங்கள். முதல் ஆசிலேட்டர் 45உம் 7.1உம் சேர்ந்து 52.1 மெகாஹெர்ட்ஸ் பக்கம் ஓடும், டாங்கிளுக்கு அது வசதியான இடம். டாங்கிளின் ஆன்டெனாக் கம்பியை ராடுயினோவுக்குப் பக்கத்தில் வைத்து, 52.1ஐச் சுற்றிப் பாருங்கள். சிக்னல்களைக் கோடுகளாகக் காட்டும் வாட்டர்ஃபால் திரையில் ஒரு மெல்லிய நேர்க்கோடு தெரியும். குமிழை ஒரு கிலோஹெர்ட்ஸ் மேலே திருப்புங்கள். கோடும் ஒரு கிலோஹெர்ட்ஸ் நகர்ந்தால் நானோ, எஸ்ஐ5351, இரண்டையும் இணைக்கும் ஐ2சி வழி மூன்றும் நன்றாக இருக்கின்றன, கோளாறு மெயின் போர்டில். அந்தக் கோடு குமிழோடு சேர்ந்து நகர்வதை முதல்முறை பார்க்கும்போது ஒரு தெம்பு வரும், அதற்காகவே இந்தச் சோதனையை எல்லோரும் செய்ய வேண்டும் என்பேன். கோடே இல்லாமல், டிஸ்ப்ளேயும் தொடக்க வரியிலேயே உறைந்து நின்றால் ஏ4, ஏ5 பின்களில் சால்டர் பாலமோ விடுபட்ட இணைப்போ இருக்கும். ஐ2சிக்கான பழைய 'வயர்' நிரல் நூலகத்தில் காத்திருப்புக்கு எல்லை கிடையாது, அந்தப் பின்களில் ஐ2சி வழி மறிக்கப்பட்டால் நிரல் அங்கேயே நின்றுவிடும்.

ரிசீவர் பேச ஆரம்பித்ததும் முன்பு எழுதிவைத்த இரண்டு எண்களோடு ஒப்பிடுங்கள். அவை இருந்தால் வேலை முடிந்தது. ஈஈபிராம் காலியாக இருந்தவர்களுக்குத்தான் இனி சொல்வது.

இங்கே பலர் வரிசையை மாற்றிச் செய்து குழம்புகிறார்கள். நிலையம் 300 ஹெர்ட்ஸ் தள்ளிக் கேட்டால் பிஎஃப்ஓவைத் திருகிச் சரிசெய்யப் பார்ப்பார்கள். இந்த ரிக்கில் அது நடக்காது. பிஎஃப்ஓ எண்ணை மாற்றினால், நிரல் அதே அளவு மற்ற ஆசிலேட்டர் ஒன்றையும் சேர்த்து நகர்த்துகிறது. கூட்டிக் கழித்துப் பார்த்தால் பிஎஃப்ஓ கணக்கிலிருந்து விழுந்துவிடும், டிஸ்ப்ளே காட்டும் பிரீக்வென்சி மாறாது. மாறுவது குரலின் நிறம் மட்டும், ஃபில்ட்டரின் ஜன்னலுக்குள் குரல் எந்த இடத்தில் உட்காருகிறது என்பது. பிரீக்வென்சி தள்ளியிருந்தால் அதற்குக் காரணம் மாஸ்டர் கேலிபிரேஷன் ஒன்றே. ஆகவே முதலில் மாஸ்டர், பிறகு பிஎஃப்ஓ.

மாஸ்டருக்கு நம்பகமான ஒரு சிக்னல் வேண்டும். சீனாவின் ஷான்சி மாகாணத்திலிருந்து வரும் பிபிஎம் நேர நிலையம் 10 மெகாஹெர்ட்ஸில் இருக்கிறது, மாலை இருட்டியபின் தேடுங்கள், நொடிக்கு ஒரு டிக் சத்தம் கேட்கும். அதன் கேரியரை (அடிப்படை அலையை) ஜீரோ பீட்டுக்குக் கொண்டுவாருங்கள், அதாவது விசில் ஒலி இறங்கி இறங்கி மறையும் இடம். டிஸ்ப்ளே அப்போது 10.000.300 என்று காட்டுகிறது என்று வையுங்கள். பிழை 300 ஹெர்ட்ஸ், 10 மெகாஹெர்ட்ஸில் அது பத்து லட்சத்துக்கு 30 பங்கு. நிரலுக்குள் எஸ்ஐ5351இன் உள் ஆசிலேட்டர் 25 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலின் 35 மடங்கு, அதாவது 875 மெகாஹெர்ட்ஸ் என்று வைக்கப்பட்டிருக்கிறது. கேலிபிரேஷன் எண் என்பது அதில் கூட்ட வேண்டிய ஹெர்ட்ஸ். பத்து லட்சத்துக்கு ஒரு பங்கு என்றால் 875, அப்படியானால் 30 பங்குக்கு 26250. டிஸ்ப்ளே அதிகமாகக் காட்டினால் இருக்கும் எண்ணிலிருந்து கழியுங்கள், குறைவாகக் காட்டினால் கூட்டுங்கள். மூல நிரலின் மெனுவில் கேலிபிரேஷன் ஒரு கிளிக்குக்கு 875 ஆக நகர்வதற்கும் இதுதான் காரணம். இந்த உதாரணத்தில் சரியாக 30 கிளிக்.

பிஎஃப்ஓவுக்குக் காதே போதும், இருந்தாலும் போனில் ஆடியோ ஸ்பெக்ட்ரம் ஆப் ஒன்று வைத்துக்கொள்வது நல்லது. ஆன்டெனாவை மாட்டி, நிலையம் எதுவும் இல்லாத இடத்தில் வெறும் இரைச்சலை வையுங்கள். போனை ஸ்பீக்கருக்கு முன் பிடித்தால் இரைச்சல் ஒரு மேடைபோல் தெரியும். மேடையின் இடது ஓரம் 300 ஹெர்ட்ஸ் அருகில் தொடங்கும்வரை பிஎஃப்ஓவை நகர்த்துங்கள். ஓரம் 700, 800இல் தொடங்கினால் குரல் தகர டப்பாவுக்குள் பேசுவதுபோல் இருக்கும், பூஜ்ஜியத்துக்கு மிக அருகில் வந்தால் கனத்து மொத்தையாகி, எதிர்ப்பக்க சைட்பேண்டும் கலந்து கேட்கும். பிறகு 40 மீட்டரில் உங்களுக்குப் பழகிய ஒரு குரலைக் கேட்டு ஓரிரு படி சரிசெய்யுங்கள்.

டிரான்ஸ்மிட் பக்கம் சுருக்கமாகச் சொல்கிறேன், ஆனால் கவனம் இங்கேதான் அதிகம் வேண்டும். புதிய நிரலோடு முதல்முறை பவர் கொடுக்கும்போது பிஏவின் (பவர் ஆம்ப்ளிஃபையரின்) பவர் கனெக்டரைக் கழற்றிவிட்டு, ஆன்டெனாவுக்குப் பதில் அதன் இடத்தில் சக்தியை வாங்கிக்கொள்ளும் 50 ஓம் டம்மி லோட் மாட்டுங்கள். பவர் போட்டதும் ரிக் தானாக சிடபிள்யூ (மோர்ஸ்) டிரான்ஸ்மிட்டுக்குள் போய்விடுவது அடிக்கடி நடக்கும். புதிய நிரல்கள் மோர்ஸ் கீயின் வரியை ஏ6 பின்னில் வோல்டேஜாக அளக்கின்றன. அங்கே 5 வோல்ட்டுக்கு 4.7 கிலோஓம் ரெசிஸ்டர் இல்லையென்றால் பின் காற்றில் மிதந்து, கீ அழுத்தப்பட்டதுபோல் தோன்றும். கீ வைத்திருக்காதவர்களும் அந்த ரெசிஸ்டரைப் போட்டே ஆக வேண்டும். பவர் டிரான்சிஸ்டர்களான இரண்டு ஐஆர்எஃப்510களின் பயஸ் டிரிம்மர்களை ஃபெர்ம்வேர் மாற்றத்துக்காகத் தொடவே வேண்டாம். யாராவது ஏற்கெனவே திருகியிருந்தால் மட்டும், இரண்டையும் குறைந்த பக்கம் கொண்டுபோய், மல்டிமீட்டரைப் பார்த்துக்கொண்டே ஒவ்வொன்றுக்கும் 100 மில்லிஆம்பியர் கூடும்படி மெதுவாக ஏற்றுங்கள்.

கிரிஸ்டல் டப்பாவில் என்ன எழுதியிருக்கிறது, அந்த ஸ்கெட்ச் அச்சிட்ட இரண்டு எண்கள் என்ன என்று மட்டும் எழுதுங்கள். இரண்டாவது எண் 11.05 பக்கம் இருந்தால் வி5 நிரலை ஏற்றிய உடனேயே 40 மீட்டர் திரும்பிவிடும். 73 (வாழ்த்துகள்).